புயல் மேப்: ஒத்தக் கோடா, கூம்பா?

புயல்னாலே எங்க காரைக்குடி வாட்ஸப் குரூப்ல மொதல்ல வந்து விழுறது புயல் போற வழிய ஒத்தக் கோடாப் போட்ட மேப்தான். பாக்க ஈஸி, அப்பத்தாவுக்கும் புரியும், ஆனா கோடு நம்ம ஊருக்கு மேல இல்லன்னா உடனே தப்பிச்சோம்னு வளவுல காயப்போட்ட வத்தலைக்கூட எடுக்காம விட்டுர்றோம், அதான் எனக்குப் பயம்.

கூம்பு அப்படியில்ல, புயலோட மையம் எங்கெல்லாம் போகலாம்னு மேப்புல விரிஞ்சுக்கிட்டே போற பட்டையாக் காட்டும். அமெரிக்க ஹரிக்கேன் சென்டர் கடைசி 5 வருஷத்துல கணிப்பு எவ்வளவு தப்பாப் போச்சோ அத வச்சுத்தான் வரையுது, அதனாலதான் நாள் போகப்போக அகலமாகுது. அதுலயும் மூணுல ரெண்டு தடவைதான் மையம் உள்ள இருக்கும். இன்னொண்ணு, கூம்போட அகலம் புயலோட சைஸ் கிடையாது, மழையும் காத்தும் வெளியவும் அடிக்கும், நெறைய பேர் இங்கதான் குழம்புறாங்க.

2020 டிசம்பர் புரெவி புயல் ஞாபகம் இருக்கா? பாம்பன் தாண்டிப் போயிரும்னு கோடு காட்டுச்சு, அது மன்னார் வளைகுடாவுலயே ராமநாதபுரம் பக்கம் நகராம நின்னு வலுவிழந்துச்சு, மழை என்னன்னா சிதம்பரத்துல கொட்டித் தீத்துச்சு. தள்ளுற காத்து வீக்கா இருந்தா புயல் இப்படித்தான் திணறும், ஒத்தக் கோட்டுல அது தெரியவே தெரியாது.

என் ஓட்டு கூம்புக்குத்தான். நம்ம ஊரு அதோட ஓரத்துல இருந்தாலே மாடித் தகரத்த இறுக்கிக் கட்டிருங்க, கரண்ட் இருக்கப்பவே மோட்டார் போட்டு டேங்க்க ரொப்பிருங்க.