12 கிலோ கெட்டில்பெல்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கெட்டில்பெல் என்பது மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. இதை நான் வாங்கியபோது என் மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு இரண்டு வயது. கணவரும் நானும் முழுநேர வேலையில் இருந்தோம். அதற்கு முன் ஜிம்மில் சேர்ந்து நான்கு மாதங்கள் போய் வந்தேன். போக வர, உடை மாற்ற, குளிக்க என எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மணி நேர உடற்பயிற்சி இரண்டரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. அவ்வளவு நேரம் எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை. ஆகவே பொருளின் தரத்தோடு, அது எங்கள் நாளில் எந்த இடத்தில் பொருந்தியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. வார்ப்பிரும்பில் ஒரே துண்டாக வார்க்கப்பட்டது, அடிப்பாகம் தட்டையானது, மேலே பவுடர் கோட்டிங். வழவழப்பான பெயின்ட் பூசியவற்றை விட இந்தச் சொரசொரப்பு வியர்த்த கையில் நன்றாகப் பிடிபடுகிறது. ஆனால் கைப்பிடியின் உட்புறத்தில் வார்ப்பு அச்சு இணைந்த இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று இருந்தது. கடையில் தடவிப் பார்த்தபோது அது தெரியவில்லை. இரண்டாம் வாரத்தில் மோதிர விரலுக்குக் கீழே தோல் உரிந்தபோதுதான் தெரிந்தது. உப்புத்தாளை இரண்டாக மடித்து, கால் மணி நேரம் தேய்த்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. வாங்குகிறவர்கள் கைப்பிடியின் உட்பக்கத்தை நகத்தால் கீறிப் பார்த்து வாங்குவது நல்லது. மூன்று ஆண்டுகளில் கைபடும் இடத்தில் கோட்டிங் தேய்ந்து இரும்பு தெரிகிறதே தவிர, வேறு குறையில்லை.

கற்றுக்கொள்வதில்தான் நான் தவறினேன். கெட்டில்பெல் ஸ்விங் என்பது கைகளால் தூக்கும் பயிற்சி அன்று. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, பிட்டத் தசைகளின் விசையால் எடையை முன்னே வீசுவது. நான் முழங்கால்களை மடக்கி உட்கார்ந்து, தோள்களால் தூக்கினேன். மூன்றாம் வாரம் கீழ்முதுகு பிடித்துக்கொண்டது, பத்து நாட்கள் நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு எடையே இல்லாமல், சுவருக்கு முதுகு காட்டி ஓரடி தள்ளி நின்று, முதுகை வளைக்காமல் இடுப்பு சுவரைத் தொடும்வரை பின்னே கொண்டுபோய்த் திரும்புவதை மட்டும் இரண்டு வாரம் செய்தேன். அந்த இரண்டு வாரங்களை நான் தொடக்கத்திலேயே ஒதுக்கியிருக்க வேண்டும். அண்மையில் பிரசவித்தவர்களும் முதுகுத் தொல்லை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே இதைத் தொட வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நேரத்தைப் பற்றி எனக்குத் தெளிவு தந்தது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான உழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது அது. 2010இல் வந்த முந்தைய வழிகாட்டுதலில், ஒவ்வொரு முறையும் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது; 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரமும் கணக்கில் சேரும் என்பது என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி!

என் முறை எளிமையானது. வேலை முடிந்து வீட்டுக்குள் வந்ததும், எங்கும் உட்காருவதற்கு முன்பே, உடை மாற்றிக்கொண்டு தொடங்கிவிடுவேன். ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் பத்து ஸ்விங், மீதி நேரம் ஓய்வு. பத்து நிமிடத்தில் நூறு. பத்து ஸ்விங்குக்கு இருபது வினாடிகூட ஆகாது. எஞ்சிய நாற்பது வினாடியில் மகன் கணக்கு நோட்டை நீட்டி, "அம்மா, இது ஏழா எட்டா?" என்பான், பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த பத்தைத் தொடங்குவேன். அதிகாலையில் செய்யும் முயற்சி எங்களுக்குச் சரிவரவில்லை, ஏனெனில் நான் எழுந்தால் மகளும் எழுந்துவிடுவாள். மாலையிலும், உடை மாற்றுவதையும் சேர்த்து எனக்கு வேண்டிய பன்னிரண்டு நிமிடம் மகளைக் கணவர் பார்த்துக்கொள்கிறார். அடுத்த பன்னிரண்டு நிமிடம் அவருடையது. இந்த ஏற்பாட்டை நாங்கள் வாய்விட்டுப் பேசி முடிவு செய்தோம். அப்படிப் பேசாமல் ஒருவர் மட்டும் நேரத்தைத் திருடிக்கொண்டிருந்தால் இது ஒரு மாதம்கூட நீடித்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பாதுகாப்பு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒருநாள் மகள் கைப்பிடியைப் பிடித்து இழுத்ததில் குண்டு சாய்ந்தது. அவள் விரல் அதன் அடியில் சிக்காமல் தப்பியது. அன்றே அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அடுத்த இரண்டு மாதங்களில், பயிற்சி செய்த நாட்களுக்கு நாள்காட்டியில் நான் போடும் குறிகள் பாதியாகக் குறைந்தன. பூட்டைத் திறந்து, குனிந்து எடுக்க வேண்டும் என்ற அந்தச் சிறு தடை களைத்த மாலையில் போதுமானதாக இருந்தது. இப்போது படுக்கையறை மூலையில் ரப்பர் பாயின்மேல் இருக்கிறது. நாங்கள் இல்லாதபோது அந்த அறைக் கதவு பூட்டியிருக்கும். தரையில் இரண்டு மீட்டர் தள்ளி டேப் ஒட்டியிருக்கிறோம். நோட்டோடு வருகிறவரும் அதைத் தாண்டக் கூடாது.

நாள்காட்டிக் கணக்கின்படி முதல் ஆண்டு 131 நாட்கள், இரண்டாம் ஆண்டு 164, மூன்றாம் ஆண்டு 158. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வாரம் அப்படியே போய்விடும். முன்பெல்லாம் விட்டதை ஈடுகட்ட அடுத்த வாரம் இரட்டிப்பாகச் செய்து உடம்பை வருத்திக்கொள்வேன். பழக்கம் உருவாவது பற்றி லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரிடம் நடத்தி, 2010இல் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாட்கள் வரை ஆவதாகவும், ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்றும் கண்டார்கள். எனக்கு ஐந்து மாதங்கள் பிடித்தன. இப்போது விட்ட நாளை விட்டுவிடுகிறேன்.

உடல் எடை இரண்டு கிலோதான் குறைந்தது. அதற்காக வாங்குகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் காரில் தூங்கிவிட்ட மகளைத் தூக்கி மாடிப்படி ஏறும்போது முதுகு வலிப்பதில்லை. பத்தாம் நிமிட முடிவில் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாமல் இருந்த நான், இப்போது மகனின் கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்கிறேன். இது நடைக்கு மாற்றன்று. திரையைப் பார்க்கத் தேவையில்லாத அலுவலக அழைப்புகளை நடந்துகொண்டே பேசிவிடுகிறேன்.

பெரிய குறை எடை மாறாதது. தலைக்கு மேல் ஒரு கையால் தூக்க 12 கிலோ முதல் ஆண்டு முழுவதும் அதிகமாக இருந்தது; ஸ்விங்குக்கோ இரண்டாம் ஆண்டே போதவில்லை. சென்ற மாதம் 16 கிலோ ஒன்று வாங்கினோம். வாரம் இரண்டு நாள் அதில் ஸ்விங், நிமிடத்துக்குப் பத்துக்குப் பதில் எட்டு; மற்ற நாட்களில் பழையதே.