முதல் ஹாட் யோகா வகுப்பு: பிக்ரமா, வின்யாசாவா, அகச்சிவப்பு அறையா?

சூடாக்கிய அறையில் செய்யும் ஹாட் யோகா என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வகுப்புகள் நடக்கின்றன. புதிதாகச் சேர்பவர்கள் "எத்தனை டிகிரி?" என்று மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறார்கள். அறையில் ஈரப்பதம் எவ்வளவு, அசைவுகள் எவ்வளவு வேகம் என்பதையும் கேளுங்கள். உடம்பைக் குளிர்விப்பது ஆவியாகும் வியர்வைதான். ஈரப்பதம் கூடினால் வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் உடல் சூடு இறங்காது.

பிக்ரம் சௌத்ரி உருவாக்கிய பிக்ரம் முறையில் சூடு, ஈரப்பதம் இரண்டுமே கூடுதல்: சுமார் 40 டிகிரி செல்சியஸ், 40 சதவீத ஈரப்பதம், 90 நிமிடம். மொத்தம் 26 பயிற்சிகள்: தொடக்கத்தில் ஒரு மூச்சுப் பயிற்சி, நடுவில் 24 ஆசனங்கள், முடிவில் கபாலபாதி (மூச்சை விசையோடு வெளியே தள்ளும் பயிற்சி). வரிசை மாறாது. கேட்கவே மலைப்பாக இருந்தாலும், புதியவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. சூரிய நமஸ்காரம் கிடையாது. ஆசிரியர் ஒவ்வொரு அசைவையும் வாயால் சொல்லிக்கொண்டே போவார். தரையில் செய்யும் பகுதியில் ஆசனங்களுக்கு நடுவே சில நொடிகள் சவாசனம் (அசையாமல் மல்லாந்து படுத்தல்) கிடைக்கும். தடுமாற்றம் பெரும்பாலும் முழங்காலிட்டுப் பின்னால் வளையும் உஷ்ட்ராசனத்தில் வரும். பின்னால் வளைந்து சட்டென்று நிமிர்ந்தால் கண் இருட்டும். கைகளை இடுப்பில் ஊன்றி மெல்ல எழுந்து, தலையைக் கடைசியாகத் தூக்குங்கள்.

மூச்சோடு சேர்த்து ஆசனங்களைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே போகும் ஹாட் வின்யாசாவில் பொதுவாக 32 முதல் 38 டிகிரி, 60 அல்லது 75 நிமிடம். எண் குறைவாக இருப்பதால் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. ஓயாமல் அசைவதால் உடம்பே சூட்டைக் கிளப்பும். கைகளையும் கால்களையும் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோ முக ஸ்வானாசனத்தில் உள்ளங்கை வழுக்கும். வழுக்கும் கையைத் தோளால் இழுத்துப் பிடிக்கப் போய்த்தான் மணிக்கட்டும் தோளும் வலிக்கின்றன. யோகா மேட் மீது மைக்ரோஃபைபர் டவலை விரித்து, கை ஊன்றும் முன்பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். இந்த வகை டவல் காய்ந்திருந்தால் நழுவும், ஈரமானால்தான் பிடிக்கும். முழங்கைகளை மடக்கி உடம்பைத் தரைக்கு இணையாகத் தாங்கும் சதுரங்க தண்டாசனம் ஏற்கெனவே கைவராதவர்கள் இந்த வகுப்பைத் தள்ளிப்போடலாம்.

அகச்சிவப்பு அறையில் பேனல்கள் காற்றைவிட உடம்பையே நேராகச் சூடாக்கும். காற்று உலர்ந்திருப்பதால் மூச்சு விடுவது எளிது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்பது தெரியாது, அதுதான் ஆபத்து. பேனலுக்கு நேர் கீழே இடம் பிடிக்காதீர்கள்.

முதல்முறைக்கு எங்கள் தேர்வு 60 நிமிடத்துக்குச் சுருக்கிய பிக்ரம் வகுப்பு. கதவுக்குப் பக்கத்தில், பின்வரிசையில் மேட் போடுங்கள். அது கிடைக்காவிட்டால் அகச்சிவப்பு அறையில் மெதுவாக நடக்கும் ஹட யோகா வகுப்பு. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரிவதற்கோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தச் சூடான அறைக்கும் போக வேண்டாம்.

எந்த அறையானாலும் வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் முன்பு அரை லிட்டர் தண்ணீர், வகுப்பில் மடக்கு மடக்காக. சூட்டில் தசை இளகியதுபோல் இருக்கும். முன்னால் குனியும்போது உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில் சுரீரென்றால் உடனே தளர்த்துங்கள், தொடையின் பின்தசை அங்கேதான் கிழியும். லேசான தலைச்சுற்றலுக்கு உட்கார்ந்தால் போதும். குமட்டலோ குழப்பமோ வந்தால் அறையை விட்டு வெளியேறி உடம்பைக் குளிர்வியுங்கள். குழப்பம் வந்திருந்தால், தெளியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவ உதவி தேவை.

வகுப்புக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்து, எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் போனது கொழுப்பு அல்ல, ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். அதை அடுத்த சில மணி நேரத்தில், உப்புச் சேர்ந்த உணவோடு, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் குடியுங்கள். வெறும் தண்ணீரை மளமளவென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரலாம்.