பழைய சாமி மேடையைப் பழுது பார்க்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டில் தாத்தா காலத்துச் சாமி மேடையோ, செதுக்கிய கதவோ இருந்து, அதைச் சரி செய்யக் கொடுக்கும் யோசனை இருந்தால் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

எங்கள் தாத்தா தோட்டத்துத் தச்சர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கதவு, ஜன்னல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையின் பெஞ்சு எல்லாம் அவர் கைவேலை. நம் வீட்டுக்கென்று அவர் செய்தது ஒன்றுதான்: தேக்கில் மூன்றடி உயரச் சாமி மேடை, உச்சியில் கஜலட்சுமி. இரும்பு ஆணி ஒன்றுகூட கிடையாது. கழுந்து (மர முனையில் விட்ட நீட்டல்), அது இறங்கும் துளை, மர ஆணி, வச்சிரம் என்ற தச்சுப் பசை, அவ்வளவுதான். லட்சுமிக்கு மட்டும் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள். ஈப்போவில் கடைப் பெயர்ப்பலகை செதுக்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து ஒட்டி வாங்கினாராம். லயத்தை உடைத்தபோது அப்பா லோரியில் முதலில் ஏற்றியது இதைத்தான்.

2023 தீபாவளி முடிந்ததும் ஒரு கால் ஆடியது, பின்பலகை ஓரத்தில் கறையான் தெரிந்தது. பட்டணத்தில் ஒரு பட்டறையில் கொடுத்தோம். "புதுசு மாதிரி ஆக்கித் தர்றேம்மா, ஒரிஜினல் தங்கம்" என்றார் முதலாளி. 3,800 வெள்ளி (ரிங்கிட்), முன்பணம் 2,000. ரசீதில் "மேசை ரிப்பேர்" என்று மட்டும் எழுதியிருந்தது. நானும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். தைப்பூசத்துக்குள் வரவேண்டியது சித்திரையில் வந்தது.

வந்த அன்று பளபளவென்று இருந்தது. அம்மா கண்கலங்கிப் போனார். ஆடி முடிவதற்குள் லட்சுமியின் கன்னம் கறுத்து, காதோரம் பச்சை பூத்தது. மேடைக்கு அடியில் தினமும் கோதுமை மாவு போலத் தூள்.

ஈப்போவில் பெயர்ப்பலகை வேலை தெரிந்த வேறொரு பெரியவரைத் தேடிப் போனோம். பார்த்த உடனே "இனி புக்கான் எமாஸ்" என்றார், மலாயில் 'இது தங்கம் இல்லை' என்று. தங்கமே இல்லை, பித்தளை ரேக்கு. செம்பும் துத்தநாகமும் கலந்தது. மேலே நன்றாக வார்னிஷ் பூசாவிட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் கறுக்கத்தான் செய்யும். நல்ல தங்க ரேக்கு கறுக்காது. தன் மேசையிலிருந்த கட்டைத் திறந்து காட்டினார். ஒரு கட்டில் 25 தாள், ஒவ்வொன்றும் 8 சென்டிமீட்டர் சதுரம்தான். அவர் மூச்சு பட்டதும் அந்தத் தாள் எழுந்து மடிந்தது. விரலால் எடுக்க முடியாது, தூரிகை நுனியில்தான் எடுக்கிறார். பித்தளை ரேக்கு இதைவிடத் தடிப்பு, தாளும் பெரிது, கையாலேயே எடுக்கலாம்.

பிறகு மேடையைக் கவிழ்த்துப் பார்த்தார். ஆடிய காலின் கழுந்தை அறுத்து எறிந்துவிட்டு, காலை அப்படியே முட்டுக்கொடுத்து, துப்பாக்கி ஆணி அடித்து, மேலே புட்டி பூசியிருந்தார்கள். வச்சிரம் போட்ட இணைப்பை வெந்நீர் ஒற்றடம் கொடுத்தே பிரிக்கலாம், உடைந்த கழுந்துக்கு மட்டும் புதுத் துண்டு வைத்திருக்கலாம் என்றார். அவர்கள் புதிதாகப் போட்ட பின்பலகை மருந்து ஏற்றாத ரப்பர் மரம். ரப்பர் மரத்தைக் குறை சொல்லவில்லை, மருந்து ஏற்றிக் காய வைத்தால் நல்ல பலகைதான். ஏற்றாவிட்டால் உள்ளே இருக்கும் மாவுச்சத்துக்கு வண்டு வந்துவிடும்.

இதெல்லாம் திருத்தக் கூடியவை. லட்சுமியின் முகம் அப்படியில்லை. பழைய வார்னிஷை எடுக்க காஸ்டிக் சோடாவில் ஊற வைத்து, மெஷின் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தாத்தா நக உளியால் இழுத்த கண் இமைக் கோடு இரண்டும் போய்விட்டது. தாமரை இதழ்களின் நடு நரம்பு மழுங்கி, சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிட்டது. பெரியவர் கட்டை விரலால் அந்த இமையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையை எடுத்துக்கொண்டார்.

அதனால் சொல்கிறேன், "புதுசு மாதிரி" என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். செதுக்கலில் மெஷின் படக் கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள். என்ன மரம், எத்தனை காரட் ரேக்கு என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். இணைப்பைப் பிரித்த நிலையில், பசை போடும் முன், நேரில் போய்ப் பாருங்கள். கொடுக்கும் முன் முகம், கை, பூ எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். எங்களிடம் இருந்தது கல்யாணப் படத்தின் பின்னணியில் தெரிந்த மேடை மட்டுமே.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், 3 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். விசாரணை முடியாததால் பட்டறையின் பெயரைப் போடவில்லை.

பழைய பின்பலகையைக் கேட்டபோது "குப்பையில போயிருக்கும்" என்றார்கள். அதன் உள்பக்கம் தாத்தா தச்சுப் பென்சிலால் அப்பாவும் அத்தைகளும் பிறந்த நாள், நேரம், நட்சத்திரம் எல்லாம் எழுதி வைத்திருந்தார். இப்போது யாருடைய பொருளாவது ஏதாவது பட்டறையில் இருந்தால், இன்றைக்கே போய்க் கழற்றிய பலகைகளைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.