வாக்ஸ், சீலன்ட், செராமிக்: எதன் மேல் எது நிற்கும்?

காருக்கு மூன்று கோட் வாக்ஸ் (மெழுகு) போட்டால் மூன்று மடங்கு பளபளக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பளபளக்காது. முதல் கோட்டில் கை தவறிய இடங்களை இரண்டாவது கோட் மூடும், அதோடு சரி. மூன்றாவது கோட் பெரும்பாலும் துடைக்கிற துணியில்தான் போய்ச் சேரும். வாக்ஸில் கலந்திருக்கும் கரைப்பான், அடியில் ஏற்கெனவே இருக்கும் வாக்ஸையும் கொஞ்சம் இளக்கிவிடும். அதனால் அது அடுக்கடுக்காக உயராது. எத்தனை கோட் என்பதை விட, எதன் மேல் எதைப் போடுகிறோம் என்பதுதான் முக்கியம். வரிசை மாறினால் நல்ல பொருளும் வீண்தான்.

முதலில் அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலாக இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். ஒரு தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கார் பளபளப்பதற்குக் காரணம் இந்தக் கிளியர் கோட் சமமாக இருப்பதுதான். அதில் சிலந்திவலை போலத் தெரியும் மெல்லிய சுழல் கீறல்கள் விழுந்தால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். நிறம் மங்கியதாகத் தோன்றும். எந்தப் பூச்சும் இதைச் சரி செய்யாது. பாலிஷ்தான் செய்யும். அதுவும் கிளியர் கோட்டில் இருந்து ஓரிரு மைக்ரானைச் சீவி எடுத்துத்தான் செய்கிறது. அதனால் வருஷா வருஷம் மெஷின் பாலிஷ் போடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காமல் இருப்பது நல்லது.

ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. காரை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு, கையை ஒரு மெல்லிய பாலிதீன் கவருக்குள் விட்டு பானெட் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் கவருக்குள் இருந்து தடவும்போது மணல்தாள் மாதிரி நறநறக்கும். பிரேக்கில் இருந்து பறந்து வந்து ஒட்டிய இரும்புத் துகள், தார், மரப்பிசின் எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. இரும்பு நீக்கும் திரவத்தைத் தெளித்தால் ஊதா நிறத்தில் வழிந்து ஓடும். மீதியை க்ளே பார் எனப்படும், களிமண் போலப் பிசையக்கூடிய கட்டி எடுத்துவிடும். இந்த வேலையைத் தாண்டிக் குதித்து நேராகப் பூச்சுக்குப் போனால், அழுக்கின் மேல்தான் பூசுகிறோம்.

இப்போது ஒவ்வொரு கூட்டணியாகப் பார்க்கலாம்.

வாக்ஸ் மட்டும்

கார்னௌபா வாக்ஸ் பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனை வகையின் இலையில் இருந்து வருகிறது. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றில் ஒன்று. உருகுநிலை 82 டிகிரி செல்சியஸுக்கு மேல். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தூய கார்னௌபா செங்கல் மாதிரி இறுகி இருக்கும், அதைக் காரில் தேய்க்க முடியாது. எண்ணெய், கரைப்பான், வேறு மெழுகுகள் எல்லாம் கலந்துதான் டப்பாவில் அடைக்கிறார்கள். அந்தக் கலவை அதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகும். உச்சி வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானெட் 70 டிகிரியைத் தொடக்கூடியது. டப்பாவின் மேல் 'நூறு சதவீதம் கார்னௌபா' என்று எழுதியிருந்தால், அதில் சேர்த்த கார்னௌபா சுத்தமானது என்றுதான் பொருள். டப்பா முழுக்க அதுவே இருக்கிறது என்று பொருள் அல்ல.

இதன் ஆயுள் சில வாரங்கள். அதிகம் போனால் இரண்டு மாதம். காரை எப்போதும் நிழலில் நிறுத்துகிறவர், ஞாயிற்றுக்கிழமை காரைத் தேய்ப்பதில் சுகம் காண்கிறவர், இவர்களுக்கு இது போதும். சிவப்பு, கறுப்பு, அடர் நீலம் போன்ற நிறங்களில் வாக்ஸ் தரும் அந்த ஈரம் பட்டாற்போன்ற ஆழம் வேறு எதிலும் அப்படியே வருவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சீலன்ட் அடியில், வாக்ஸ் மேலே

சீலன்ட் என்பது செயற்கை பாலிமர். பூசிய பிறகு இறுகிப் பெயின்டைப் பிடித்துக்கொள்ளும், நாலு முதல் ஆறு மாதம் வரை நிற்கும். வாக்ஸ் அப்படிப் பிடிப்பதில்லை, மேலே படிந்து கிடக்கும், அவ்வளவுதான். வரிசை இதில் இருந்தே தெரிந்துவிடும்: பிடிக்கிறது கீழே, படிகிறது மேலே. தலைகீழாகச் செய்தால், அதாவது வாக்ஸ் போட்ட காரில் சீலன்ட் பூசினால், அது ஈரச் சுவரில் ஒட்டிய போஸ்டர் கதிதான். பெயின்டைத் தொடவே முடியாத சீலன்ட் எதைப் பிடிக்கும்?

பொறுமையும் வேண்டும். சீலன்ட் இறுக அரை நாளில் இருந்து ஒரு நாள் வரை ஆகும். பாட்டிலில் என்ன போட்டிருக்கிறதோ அவ்வளவு நேரம் விட்டு, அப்புறம் வாக்ஸைத் தொட வேண்டும். பூசிய கையோடு வாக்ஸ் போட்டால் அதில் உள்ள கரைப்பான் இறுகாத சீலன்டைக் கலைத்துவிடும்.

பலர் விழும் குழி இன்னொன்று. கடையில் 'க்ளீனர் வாக்ஸ்' என்றும், எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் செய்யும் 'ஆல் இன் ஒன்' என்றும் கிடைப்பவற்றில் மெல்லிய அரைப்புத் துகளோ அழுக்கு நீக்கும் ரசாயனமோ இருக்கும். அடியில் எந்தப் பூச்சும் இல்லாத காருக்கு அது சரி. நேற்றுப் போட்ட சீலன்டின் மேல் தேய்த்தால் நேற்றைய வேலையை இன்று நீங்களே சுரண்டி எடுக்கிறீர்கள்.

இந்தக் கூட்டணியில் என்ன லாபம்? கண்ணுக்கு லாபம். பாதுகாப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. மழை, தூசி, பறவை எச்சம் எல்லாம் முதலில் சந்திப்பது மேலடுக்கைத்தான். ஆக, வாக்ஸ் போட்டதும் கார் வாக்ஸ் போட்ட கார் மாதிரியே நடந்துகொள்ளும். சீலன்டின் வழுக்கலும் தூசி ஒட்டாத குணமும் அடியில் மறைந்துவிடும். வெள்ளை, வெள்ளி நிறக் கார்களுக்கு இதனால் தெரிகிற வித்தியாசம் மிகக் குறைவு. என்னைக் கேட்டால் அவற்றுக்கு வாக்ஸ் வேண்டாம். சீலன்டையே இரண்டாவது கோட்டாகப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

செராமிக் அடியில், ஸ்ப்ரே மேலே

விளம்பரம் அதிகம் பொய் சொல்லும் இடம் இது. செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா சார்ந்த திரவம். பூசியதும் காற்றில் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, கண்ணாடி போன்ற மெல்லிய படலமாக இறுகும். தடிமன் ஓரிரு மைக்ரான், பல சமயம் அதுவும் இல்லை. ஒழுங்காகப் பராமரித்தால் இரண்டு, மூன்று வருடம் நிற்கும். ரசாயனம், பறவை எச்சம், அழுக்கு ஆகியவற்றை வாக்ஸை விடவும் சீலன்டை விடவும் நன்றாகத் தாங்கும். கல்லடியைத் தாங்காது. சாவியால் கீறினால் கீறல் விழும்.

'9ஹெச் கடினம்' என்று போட்டிருப்பதைப் பார்த்து வைரத்துக்கு அடுத்த கடினம் என்று நினைப்பவர்கள் உண்டு. வைரம் 10 என்பது கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல். 9ஹெச் என்பது பென்சில் சோதனை. 9ஹெச் பென்சில் முனையால் அழுத்தி இழுத்தால் கோடு விழவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். இரண்டும் வேறு வேறு உலகம்.

பூசும்போது எங்கே தப்பு நடக்கும் என்று தெரிந்தால்தான் இதை நாமே செய்யலாமா என்று முடிவு செய்ய முடியும். பாலிஷ் போட்ட பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலவையால் துடைத்து எண்ணெய்ப் பசை முழுவதையும் எடுக்க வேண்டும். கீறலை மறைக்கும் கிளேஸ் போட்டிருந்தால் அதுவும் போக வேண்டும், இல்லாவிட்டால் கோட்டிங் பிடிக்காது. பிறகு இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் சில துளிகளை விட்டு, குறுக்கும் நெடுக்குமாகப் பரப்ப வேண்டும். அன்றைய சூட்டைப் பொறுத்துச் சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ, எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் தெரிவது போல வானவில் நிறம் ஓடும். துடைக்க வேண்டிய நேரம் அது. ஒரு துணியால் எடுத்து, இன்னொரு துணியால் சமப்படுத்தி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். விட்டுப்போன திட்டு இறுகிவிட்டால் கறுப்பாக, கறை மாதிரி நிற்கும். அப்புறம் துணிக்கு வேலை இல்லை, திரும்பவும் பாலிஷ்தான். அதனால்தான் வெயிலிலும் சூடான பானெட்டிலும் இதைச் செய்யக் கூடாது என்கிறார்கள். முதல் ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது, ஏறக்குறைய ஒரு வாரம் ஷாம்பு கூடாது.

இரண்டாவது கோட் போடலாமா? போடலாம். ஆனால் முதல் கோட் முழுதாக இறுகுவதற்குள், தயாரிப்பாளர் சொன்ன நேரத்துக்குள் போட வேண்டும். முழுக்க இறுகிய செராமிக் எதையும் தன் மேல் எளிதில் ஒட்டவிடாது, தன் இனத்தையே ஒட்டவிடாது. ஐந்து கோட், ஏழு கோட் என்று விற்பதெல்லாம் காசுக்குத்தான்.

சரி, செராமிக் மேல் வாக்ஸ்? போட்டால் கார் ஒன்றும் கெடாது. ஆனால் தூசியை உதறும் பரப்பின் மேல் தூசியைப் பிடிக்கும் பரப்பை வைக்கிறோம். செலவு செராமிக்குக்கு, பலன் வாக்ஸுக்கு. அதற்குப் பதிலாக சிலிக்கா கலந்த ஸ்ப்ரேயை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கழுவிய பிறகு அடித்துத் துடைத்தால் போதும். அடியில் இருப்பதும் மேலே வருவதும் ஒரே குணம். தேய்மானத்தை ஸ்ப்ரே வாங்கிக்கொள்ளும், செராமிக் தப்பிக்கும்.

ஒரு குறையைச் சொல்லாமல் விடக் கூடாது. தண்ணீர் முத்து முத்தாக நிற்பது அழகுதான். உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வட்டமாக மாறும். செராமிக் இதைத் தடுக்காது, சில நேரம் கூட்டவே செய்யும். கழுவியதும் துடைக்க நேரமில்லாதவர்களுக்கு இது பெரிய தலைவலி.

கிராஃபீன் (கார்பனின் ஒரு வடிவம்) கோட்டிங் என்று வருவதும் பெரும்பாலும் கிராஃபீன் ஆக்சைடு கொஞ்சம் சேர்த்த செராமிக்தான். தண்ணீர்க் கறை குறையும் என்கிறார்கள். வாங்குவதற்குக் காரணமாக அதை மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஃபிலிம் அடியில், செராமிக் மேலே

பெயின்டைப் பாதுகாக்கும் பாலியூரித்தேன் ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான் தடிமன். பெயின்டின் மொத்தத் தடிமனை விடவே அதிகம். முன்னால் போகும் லாரி தெறிக்கவிடும் கல்லைத் தடுப்பது இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். ஃபிலிமில் விழும் லேசான கீறல்கள் வெயில் சூட்டில் தானாக மறையும். இங்கேயும் வரிசை உண்டு. பாலிஷ் முதலில், ஏனென்றால் அடியில் இருக்கும் கீறல் ஃபிலிமுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஃபிலிம், கடைசியில் செராமிக். முதலில் செராமிக் போட்டுவிட்டால் ஃபிலிமின் பசை சரியாகப் பிடிக்காது, ஓரங்கள் தூக்கும். கார் முழுக்க ஃபிலிம் ஒட்டுவது செலவு மிகுந்த வேலை. நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுகிறவர் பானெட், முன் பம்பர், பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடிகளின் முகப்பு ஆகியவற்றுக்கு மட்டும் ஃபிலிம் ஒட்டி, மீதிக்கு செராமிக் போட்டாலே நிறைய மிச்சம்.

வெட்டவெளியில் நிற்கும் காருக்கு, தானே கழுவித் தானே பூசிக்கொள்கிற ஆளுக்கு, நான் சொல்வது சீலன்டும் அதன் மேல் சிலிக்கா ஸ்ப்ரேயும்தான். தப்பாகப் போனாலும் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். செராமிக்கில் அந்தச் சலுகை இல்லை. புதுக் காரை ஐந்தாறு வருடம் வைத்திருக்கப் போகிறவர், கழுவியதும் துடைக்கும் பழக்கம் உள்ளவர், செராமிக்குக்குப் போகலாம்.

எதைப் போட்டிருந்தாலும், தண்ணீர் முன்பு மாதிரி உருளவில்லை என்றதும் பூச்சு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல நேரம் அழுக்கும் உப்பும் மேலே படிந்து அதை மூடியிருக்கும். பூச்சைக் கழற்றாத ஷாம்புவால் நன்றாகக் கழுவி, இரும்பு நீக்கியை ஒருமுறை தெளித்து அலசிப் பாருங்கள். மறுபடி உருண்டால் ஸ்ப்ரே மட்டும் போதும். அதற்குப் பிறகும் தண்ணீர் தட்டையாகப் பரவி நின்றால்தான் அடியில் இருந்து தொடங்க வேண்டும்.