தனியாகத் தொழில் செய்யும் தகவல் ஆய்வாளருக்கு எந்தச் சங்கம்?

தகவல் தேடித் தருவதைச் சொந்தத் தொழிலாக வைத்திருப்பவர் சங்கத்தில் சேர நினைத்தால், பெரும்பாலும் முதலில் பார்ப்பது சந்தாத் தொகையை. நான் முதலில் நெறிமுறையைத்தான் படிப்பேன். அந்தச் சங்கம் யாரை மனத்தில் வைத்து நடக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

ஏஐஐபி, அதாவது சுயாதீனத் தகவல் வல்லுநர்கள் சங்கம், 1987இல் அமெரிக்காவில் மேரிலின் லெவின் முன்னின்று தொடங்கியது. வாடிக்கையாளர் ஒதுக்கிய பணத்துக்கும் நேரத்துக்கும் உட்பட்டு, இயன்றவரை புதிய, சரியான தகவலைத் தர வேண்டும் என்கிறது அதன் நெறிமுறை. ‘உட்பட்டு’ என்ற அந்தச் சொல்லை எழுதியவர் கட்டாயம் இந்தத் தொழிலில் அடிபட்டவர். மூன்று நாள் கெடு கொடுத்துவிட்டு உலகச் சந்தை முழுவதையும் கேட்பவரிடம், எங்கே நிறுத்துவது என்று பேசி முடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும்.

தகவல் எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதை வாடிக்கையாளருக்குப் புரியவைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. நூலகங்களின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்றும் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு இது வெறும் மரியாதைப் பேச்சாகத் தோன்றும். ஆனால் பல்கலைக்கழக நூலகங்கள் வாங்கும் தரவுத்தள உரிமங்களில் பல, கல்விப் பயன்பாட்டுக்கு மட்டுமே ஆனவை. அங்கே போய் உட்கார்ந்து கட்டுரைகளை இறக்கி வாடிக்கையாளருக்கு விற்றால் சிக்கல் நூலகத்துக்கும் சேர்த்துத்தான். பின்னால் ஒரு நிறுவனம் இல்லாதவருக்கு இது அன்றாடத் தலைவலி.

ஸ்கிப் என்ற இன்னொரு சங்கம் ஏஐஐபியை விட ஓராண்டு மூத்தது. 1986இல் போட்டி நிறுவனங்களைப் பற்றிய தகவல் திரட்டுவோருக்காக உருவானது. ஒருவரிடம் பேட்டி எடுக்கும் முன் நீங்கள் யார், எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறது அதன் நெறிமுறை. ஏஐஐபி நூலக மேசையை நினைத்து எழுதியிருக்கிறது, ஸ்கிப் தொலைபேசியை. மாணவர் போலப் பேசிப் போட்டி நிறுவனத்தின் விலைப்பட்டியலைக் கறக்கும் ஆசை யாருக்கு வரும் என்று அதற்குத் தெரியும். உங்கள் வேலையில் பாதி ஆட்களிடம் பேசுவது என்றால் அதுவே பொருத்தம். பெரிய நிறுவனங்களில் இதே வேலை பார்ப்பவர்களும் அங்கே வருவதால், வாடிக்கையாளர் கிடைக்கும் வாய்ப்பும் உண்டு.

பிரிட்டனில் நூலகர்களுக்கும் தகவல் வல்லுநர்களுக்குமான சிலிப் சங்கத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1877இல் தோன்றிய நூலகச் சங்கமும் தகவல் அறிவியலாளர்களின் அமைப்பும் 2002இல் இணைந்து உருவானது. அது தரும் தொழில்முறைத் தகுதி, நாளை மறுபடி சம்பள வேலைக்குப் போக நினைப்பவருக்குப் பயன்படும். விலை எப்படிச் சொல்வது, பாக்கியை எப்படி வசூலிப்பது என்று கேட்க அது இடமில்லை.

ஏஐஐபியைப் பற்றிப் பலர் கேட்பது, போட்டியாளர்களோடு உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் காப்புரிமைத் தேடல் தெரிந்தவருக்கு மருத்துவ ஆய்வு இலக்கியம் தெரியாது. அது தெரிந்தவருக்கு நீதிமன்றப் பதிவேடு தெரியாது. சந்தை நிலவரம் கேட்டு வந்த வாடிக்கையாளர் பாதி வழியில், “இதற்கு யாராவது காப்புரிமை வாங்கியிருக்கிறார்களா?” என்று கேட்பார். தெரியாது என்றால் அவர் வேறு ஆளைத் தேடிப் போவார். தெரியும் என்று சொல்லி ஒன்றைத் தவறவிட்டால் அதைவிட மோசம். அந்தப் பகுதியை மட்டும் இன்னொருவருக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுப்பதே வழி. கொடுத்த வேலை தவறினாலும் வாடிக்கையாளர் உங்களைத்தான் கேட்பார். அதனால் அவசரத்தில் இணையத்தில் ஆள் பிடிப்பதை விட, வேலையைக் கொடுக்கப்போகும் ஆள் சங்கத்தில் பேசுவதையும் சந்தேகம் கேட்பதையும் ஓரிரு ஆண்டு பார்த்துப் பழகியிருப்பது நல்லது. சந்தா கட்டினால் நான் அதற்காகத்தான் கட்டுவேன். உறுப்பினர்களுக்குத் தரவுத்தளங்கள் தரும் தள்ளுபடி எனக்கு இரண்டாம் பட்சம்.