தின்னர் ஆவிக்கு 3எம் 6200 மாஸ்க்: எங்கே தாங்கும், எங்கே கைவிடும்

பெயிண்ட் பூத், பசை மேசை, அச்சகம், உலோகப் பாகங்களைப் பிசுக்குப் போகக் கழுவும் தொட்டி என்று கரைப்பான் புழங்கும் இடங்களில் அடிக்கடி கண்ணில் படுவது, இரண்டு கன்னத்திலும் கார்ட்ரிட்ஜ் என்ற வடிகட்டி டப்பா துருத்திக்கொண்டிருக்கும் 3எம் 6000 வரிசை அரைமுக மாஸ்க். 6100 சிறியது, 6200 நடுத்தரம், 6300 பெரியது. இங்கே எடுத்துக்கொள்வது 6200-ஐயும் அதில் மாட்டும் 6001 கரிம ஆவிக் கார்ட்ரிட்ஜையும். மாஸ்க் நல்ல பொருள். கார்ட்ரிட்ஜும் நல்ல பொருள்தான். ஆனால் வாடை வரும்வரை மாற்றாமல் ஓட்டும் வழக்கம் இருக்கிறதே, அது இந்த ஆவிகள் கெடுக்கும் நரம்பைக் காப்பாற்றாது.

முதலில் முகத்துண்டு. சிலிக்கான் அல்ல, எலாஸ்டோமர் பிளாஸ்டிக். அதனால் எடை குறைவு; ஆனால் சிலிக்கானில் வரும் 7500 வரிசையைவிடக் கொஞ்சம் விறைப்பு. நாள் முழுக்கப் போடுகிறவருக்கு மூக்குத் தண்டில் தழும்பு விழும். வெளிமூச்சு வால்வு நேர் முன்னால் இருக்கிறது. குனிந்து வேலை செய்தால் ஈரம் அங்கேயே தேங்கும். 7500-ல் மூச்சு கீழ்நோக்கிப் போவதால் இந்தத் தொல்லை குறைவு. வெளிமூச்சு வால்வு 6889, உள்மூச்சு வால்வு 6893 என்று தனித்தனியாக உதிரி கிடைப்பது பெரிய வசதி. வெளிமூச்சு வால்வின் மெல்லிய தகட்டில் பெயிண்ட் துளி ஒன்று காய்ந்து ஒட்டினாலும் அது முழுசாக மூடாது. ஒவ்வொரு மூச்சுக்கும் வடிகட்டாத காற்று உள்ளே வரும். மூடியைக் கழற்றிப் பார்க்காமல் இது தெரியாது.

போட்டதும் இரண்டு சோதனை. வெளிமூச்சு மூடியை உள்ளங்கையால் பொத்தி மெதுவாக ஊதினால் மாஸ்க் லேசாக உப்ப வேண்டும். கார்ட்ரிட்ஜ்களைப் பொத்தி மெதுவாக உள்ளிழுத்தால் முகத்தோடு ஒட்டி அப்படியே நிற்க வேண்டும். இரண்டாவது சோதனையில் பலர் அழுத்தம் கொடுத்துவிடுகிறார்கள். அழுத்தினால் ஓட்டையும் அடைபட்டு, பொய்யாகத் தேறிவிடும். மூக்குக்கண்ணாடியில் மூச்சின் ஈரம் படிந்தால் மூக்கருகே கசிகிறது என்று பொருள். ஒருநாள் தாடி முள்ளே கசிவுக்குப் போதும்.

இனி கார்ட்ரிட்ஜ். கறுப்புப் பட்டை போட்ட 6001-க்குள் இருப்பது தூண்டிய கரி. ஆவி அதன் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவே. தூசியையும் பெயிண்ட் பனியையும் அது பிடிக்காது. ஸ்ப்ரே வேலைக்கு 5என்11 முன்வடிகட்டியை 501 பிடிப்பானால் மேலே மாட்ட வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு இது வெறும் டப்பா.

எத்தனை மணி நேரம் வரும்? கொதிநிலை 70 டிகிரிக்கு மேல், செறிவு 200 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கு காற்றில் 200 பங்கு ஆவி), சாதாரண வேலை என்றால் சுமார் 8 மணி என்பது புழக்கத்தில் உள்ள தோராயக் கணக்கு. தின்னரில் வரும் கரைப்பான்களில் டொலுயீனின் கொதிநிலை 111, எம்ஈகே எனப்படும் மெத்தில் எத்தில் கீட்டோனுக்கு 80. இரண்டும் இதில் அடங்கும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் ஆயுள் பாதி. இழுத்து மூச்சு வாங்கும் வேலை என்றால் அதிலும் பாதி. புழுக்கமான ஷெட்டில் பீப்பாய் உருட்டுகிறவருக்கு 8 என்பது 2 ஆகிவிடும். மாற்ற வேண்டிய நேரத்தைக் கார்ட்ரிட்ஜ் மேலேயே பேனாவால் எழுதுவது எந்த மூக்கையும்விட நம்பகமானது.

மூக்கை ஏன் நம்பக்கூடாது? டொலுயீனைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு பழகிப்போய் வாடை மங்கிவிடும். அதற்குள் அது மூளைக்குப் போயிருக்கும்: கிறுகிறுப்பு, தலைவலி, குடித்தவர்போல் தடுமாற்றம். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மறதி, கவனச் சிதறல். இரைச்சலும் சேர்ந்தால் செவித்திறனும் குறையும். இதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடுவதுதான் வழக்கம்.

ஹெக்ஸேன் வேறு ரகம். பசையிலும் பிசுக்கு நீக்கியிலும் இருக்கும். உடலுக்குள் போய் 2,5-ஹெக்ஸேன்டையோன் ஆக மாறி நரம்பிழையின் புரதங்களைப் பிணைத்துவிடுகிறது. நீளமான நரம்புகளுக்கே முதல் அடி: பாதம் மரத்துப்போகும், பிறகு கை, பிறகு படியேறுவது சிரமம். 1960களில் ஜப்பானில் செருப்புக்குப் பசை ஒட்டியவர்களிடம் கண்ட நோய் இதுதான். வேலையை நிறுத்திய பிறகும் சில வாரங்கள், மாதங்கள்வரை முற்றிக்கொண்டே போகும். பசையில் எம்ஈகேயும் கலந்திருந்தால் சேதம் கூடும். டப்பாவின் பாதுகாப்புத் தரவுத் தாளில் இந்த இரண்டு பெயரும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹெக்ஸேனின் கொதிநிலை 69. மேற்சொன்ன 70 டிகிரிக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது, எனவே அந்த 8 மணியை இதற்குக் கணக்கில் எடுக்கவே கூடாது.

கொதிநிலை இன்னும் கீழே போனால் பலவற்றுக்கு இந்த மாஸ்க்கை வாங்குவதே வீண். பெயிண்ட் உரிப்பானில் வரும் டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியில் கொதிக்கும். கரியைச் சீக்கிரம் ஊடுருவி, உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்க விதிப்படி அதற்குக் காற்றுக்குழாய் மாஸ்க்தான். பார்வை நரம்பைக் கெடுக்கும் மெத்தனாலையும் கரி சரியாகப் பிடிக்காது. ஐரோப்பியத் தர முறையில் 65 டிகிரிக்குள் கொதிப்பவற்றுக்கு ஏஎக்ஸ் என்று தனி வடிகட்டியே உண்டு, அதுவும் ஒருமுறைதான்.

நேற்று ஒரு மணி நேரமே போட்டேன், இன்றும் அதுவே போதும் என்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கரியில் ஒட்டிய ஆவி, குறிப்பாக லேசான ரகம், இரவெல்லாம் உட்பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். மறுநாள் முதல் மூச்சிலேயே அது உள்ளே வரும். 65 டிகிரிக்குக் கீழே கொதிக்கும் எதற்கும் ஒரு ஷிஃப்டோடு கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போடுவதே முறை. மற்றவற்றுக்கும் வேலை முடிந்தால் காற்றுப் புகாத பையில் போட்டு வைக்க வேண்டும். ஆணியில் தொங்கும் கார்ட்ரிட்ஜ் ஆள் இல்லாத நேரத்திலும் அறையின் ஆவியை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். கழுவும்போது கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, 49 டிகிரிக்கு மேற்படாத வெந்நீர், மென்மையான சோப்பு, நிழல் உலர்த்தல். தின்னரால் துடைக்கிறவர்களும் உண்டு. உள்ளே தடவிவிட்டு அதையே முகர்வதற்கு மாஸ்க் எதற்கு?

அரைமுக மாஸ்க்கின் காப்பு மடங்கு 10, அதாவது வெளியே உள்ள ஆவியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். டொலுயீனுக்கு ஏசிஜிஐஎச் என்ற அமெரிக்கத் தொழில்சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் 8 மணி நேரச் சராசரி 20 பிபிஎம்; அந்த அளவுகோலில் 200 பிபிஎம்வரைதான் இது தாங்கும். 500 பிபிஎம் உயிருக்கே ஆபத்தான அளவு. தொட்டிக்குள் இறங்க இதைக் கொடுப்பது கொலைக்குச் சமம். அங்கே ஆக்சிஜனே குறைந்திருக்கலாம், கரி ஆக்சிஜனைத் தராது.

திறந்த ஷெட், உறிஞ்சு விசிறி, டொலுயீன் அல்லது எம்ஈகே, நேரம் குறித்து மாற்றும் ஒழுங்கு: இவ்வளவும் இருந்தால் 6200-ஐத் தயங்காமல் வாங்கலாம். ஷிஃப்ட் முழுக்கப் போட வேண்டுமென்றால் 7500 வரிசையின் நடுத்தர அளவான 7502 மேல். கூடவே கையுறையையும் பாருங்கள். மெல்லிய நைட்ரைல் உறையை டொலுயீன் சில நிமிடங்களில் கடந்து தோல் வழியே இரத்தத்துக்குப் போய்விடும்; டொலுயீனுக்கு விட்டான் என்ற ரப்பர் உறை, எம்ஈகேக்கு பியூட்டைல் ரப்பர் உறை.