மணல் தொட்டியா, மண் மூலையா? குளத்து ஆமை முட்டையிட எது தோது

வீட்டுக் குளத்தில் வளரும் சிவப்புக் காது ஆமை தீனியைத் தொடாமல், சுவரைப் பிறாண்டிக்கொண்டு கரையேறத் துடிக்கிறதா? பெட்டையாக இருந்தால் பெரும்பாலும் முட்டையிட இடம் தேடுகிறது. ஆண் துணை இல்லாவிட்டாலும் இடும்; அவை கூமுட்டை. முன்பு எப்போதோ ஜோடி சேர்ந்திருந்தால் வருடங்கள் கழித்தும் கருவுள்ள முட்டை வரலாம்.

மாடிக் குடித்தனக்காரருக்கு மணல் தொட்டிதான் கைக்கெட்டும் வழி. ஆனால் பலரும் காய்ந்த ஆற்று மணலைக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். ஆமை பின்னங்கால்களால் மட்டுமே, திரும்பிக்கூடப் பார்க்காமல் தோண்டும். ஒரு பிடி அள்ளினால் இரண்டு பிடி சரியும். நாலு இடம் தோண்டிப் பார்த்துச் சலித்து, தண்ணீருக்கே திரும்பிவிடும். பிறகு முட்டையைத் தண்ணீரில் நழுவவிடும், அல்லது முட்டை உள்ளேயே தங்கிப்போகும். தங்கிப்போனால் எக்ஸ்ரே, மருத்துவர் என்று உயிர்ப் போராட்டம். மணலோடு பாதிக்குப் பாதி மண் கலந்து ஈரமாக்குங்கள். விரலால் குத்தினால் குழி நிற்க வேண்டும், அதுதான் கணக்கு.

இடம் இருப்பவர்களுக்கு என் ஓட்டு மண் மூலைக்கே. குளத்தை ஒட்டி, வெயில் படும் இடத்தில், ஒரு அடி ஆழத்துக்கு உதிரி மண் போதும். கொஞ்சம் இறுகியிருந்தாலும் தன் உடலிலுள்ள நீரை விட்டு நனைத்து, குடுவை மாதிரி குழி பறித்துவிடும். அந்த நேரத்தில் டார்ச்சோடு போய் நிற்காதீர்கள், பாதியில் விட்டுவிடும். குறையும் உண்டு: வேலி இல்லாவிட்டால் ஆமை தெருவுக்குப் போய்விடும், முட்டைகள் கீரிக்கும் பெருச்சாளிக்கும் விருந்து.

இட்ட முட்டைகளை மண்ணிலேயே விடுவதா, இன்குபேட்டரா? இன்குபேட்டர் என்றால் மேல்பக்கத்தில் பென்சில் குறி போட்டு, புரட்டாமல் எடுக்க வேண்டும். முதல் நாளுக்குப் பின் புரட்டினால் கரு செத்துவிடக்கூடும். பொரிக்க இரண்டு, இரண்டரை மாதம். முட்டை இருக்கும் சூடு 27 டிகிரிக்குக் கீழே என்றால் ஆண் குஞ்சு, 31-ஐத் தாண்டினால் பெண். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் இருபது, முப்பது வருடம் வாழும் குஞ்சுகளை யார் வளர்ப்பது? கடைசியில் கோயில் குளத்தில் விட்டுவிடுவார்கள்; அவை அங்கே இருக்கும் நம்மூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். அதனால் நான் இரண்டையும் ஏற்கமாட்டேன். இட்ட அன்றே எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிடுவதே சரி. (நம்மூர்க் கருப்பு ஆமையையோ பாலாமையையோ வளர்ப்பதே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.)

ஒரு தடவை இட்டதும் மூலையைக் கலைத்துவிடாதீர்கள். சில வாரம் கழித்து மறுபடி ஏறி வரும்.